பச்சை கொஞ்சம் தூக்கலா

என் தொழில் இலை வரைவது. திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில், மாடி அறையில், ஒரு கம்ப்யூட்டரையும் டேபிள் ஃபேனையும் வைத்துக்கொண்டு 22 வருடமாக வரைகிறேன். பிஸ்கட், ஷாம்பூ, சிறுதானிய நூடுல்ஸ், மூலிகை சோப்பு, எது வந்தாலும் கவரின் வலது மூலையில் ஒரு இலை. முதலில் ஒற்றை இலை கேட்டார்கள். பிறகு இரட்டை இலை கேட்டார்கள். அது கட்சிச் சின்னம் ஆகிவிடும் என்று சொல்லி மூன்றாக்கிக் கொடுத்தேன். இப்போது இலை நுனியில் ஒரு பனித்துளியும் வேண்டுமாம். என் மானிட்டரில் முளைத்ததையெல்லாம் மண்ணில் நட்டிருந்தால் இந்நேரம் இன்னொரு கொல்லிமலை எழுந்திருக்கும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசுவார்கள். "சார், பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்." கவரை எதில் செய்வது என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் வாய் திறந்ததில்லை. அதை அவர்களும் கவர் மெட்டீரியல் விற்பவரும் எப்போதோ பேசி முடித்திருப்பார்கள். பொருளில் இல்லாத பசுமையை மையில் கொண்டுவருவதற்குத்தான் எனக்குக் கூலி.

போன வருடம் தெற்கிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன்.

"தம்பி, நம்ம பாரம்பரியம் தெரியணும். கவரப் பாத்தா ஓலப்பெட்டி மாதிரியே இருக்கணும்."

"அண்ணாச்சி, அப்ப ஓலைப்பெட்டியிலேயே போட்டுக் குடுத்துடலாமே?"

சோறு தின்கிறாயா வேறு ஏதாவது தின்கிறாயா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். "அது கட்டுப்படியாகாது. ஈரம் ஏறும். பெட்டி முடையுறதுக்கு ஆளும் இல்ல."

ஈரம் ஏறுவது உண்மை. ஆள் இல்லை என்பது பாதி உண்மை. பெட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு ஆள் இல்லை. நான் விவாதிக்கவில்லை. வாடகை கட்டவேண்டிய மாதம் அது.

கைவினைக் கடை ஒன்றில் 80 ரூபாய்க்கு ஓர் ஓலைப்பெட்டி வாங்கினேன். இரண்டு விளக்கு வைத்து, ஒவ்வொரு பின்னலும் நிழலோடு விழும்படி படம் எடுத்தேன். அந்தப் படத்தைப் பாலியெஸ்டர் படலத்தின் உட்புறத்தில் திருப்பி அச்சடித்தோம். ஓலைப் பழுப்பு வருவதற்கு நாலு வண்ணம். பின்னால் இருப்பது தெரியாமல் மறைக்க அதன் மேல் வெள்ளை ஒரு பூச்சு. வெறும் கவருக்குச் செலவாகும் மையைவிட இந்த 'இயற்கை'க் கவருக்கு மை அதிகம். அதன் முதுகில் அலுமினியத் தகடு, அதற்கும் பின்னால் பாலித்தீன். மூன்றையும் பசை போட்டு, ஜென்மத்துக்கும் பிரியாதபடி ஒட்டியாயிற்று. பளபளத்தால் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மேலே மேட் ஃபினிஷ். தடவிப் பார்த்தால் ஓலை மாதிரியே சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பும் பிளாஸ்டிக்தான்.

பில்லில் ஒரு வரி சேர்த்தேன்: 'போட்டோவுக்கான பொருள், ஓலைப்பெட்டி 1, ரூ. 80'. அண்ணாச்சி அந்த எண்பதில் மட்டும் பேரம் பேசினார்.

பிறகு, "அந்த மூணு அம்புக்குறி போடுவாங்கல்ல, அதையும் போட்டுடுங்க தம்பி" என்றார். அந்த அம்புகளுக்கு ஒரு கதை உண்டு. 1970-ல் அமெரிக்காவில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி மறுசுழற்சிக்குச் சின்னம் கேட்டுப் போட்டி வைத்தது. கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது மாணவர் வரைந்து ஜெயித்தார். காகிதத்துக்காகப் பிறந்த சின்னம். 1988-ல் அங்கத்திய பிளாஸ்டிக் முதலாளிகள் சங்கம் அதே அம்புகளை எடுத்து, நடுவில் 1 முதல் 7 வரை எண் போட்டு, பிளாஸ்டிக்கின் அடியில் குத்திவிட்டது. எண் சொல்வது இது எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும். அம்பைப் பார்ப்பவர் மனதில் ஓடுவது வேறு. பொய் என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் பொய் சொல்லியாயிற்று; தொழில்காரன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. எங்கள் கருப்பட்டிக் கவரின் எண் 7. அதற்குப் பொருள் 'மற்றவை'. காயலான் கடைத் தமிழில் 'எவனுக்கும் வேண்டாதது'.

அதை நேரிலேயே தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் குப்பை பொறுக்கும் அக்காவிடம் அந்தக் கவரைக் கொடுத்தேன். அம்பைப் பார்க்கவில்லை, இலையையும் பார்க்கவில்லை. காதருகே வைத்து ஒரு கசக்கு கசக்கினார்.

"சத்தம் போடுது சார். எடைக்குப் போட மாட்டாங்க. பால் கவர் இருந்தா குடுங்க."

ஒரு வினாடி. என் 22 வருடச் சர்வீஸைக் கசக்கித் தெருவோரம் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். அந்தக் கவர் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். ஓலை பின்னல் அழியாமல், பாரம்பரியத்தோடு, என் பேரன் காலம்வரை அங்கே கிடக்கும்.

சட்டம் இல்லையா என்பீர்கள். ஏன் இல்லை? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பூக்காரம்மாவின் கூடையிலிருந்து கவரைப் பிடுங்கினார்கள், டிபன் கடையில் சாம்பார் கட்டும் தாளைப் பிடுங்கினார்கள், அபராதம் போட்டார்கள். ஆலையிலேயே நிரப்பி சீல் வைத்து வரும் கவருக்கோ விலக்கு. முழம் பூவைச் சுற்றினால் குற்றம், முறுக்கைச் சுற்றினால் தொழில் வளர்ச்சி! அந்த விலக்கை 2020-ல் நீக்கினார்கள். நீக்கிய ஆணை பத்திரமாக இருக்கிறது. பெட்டிக்கடை வாசலில் தொங்கும் ஷாம்பூச் சரமும் பத்திரமாக இருக்கிறது. பிடிக்கப் போகிற அதிகாரிக்குப் பூக்காரம்மாவின் முகவரி தெரியும், ஆலையின் முகவரிதான் கிடைப்பதே இல்லை. அது கவரின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், நான் வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜவுளிக்கடையில் 'துணிப்பை' என்று கொடுக்கிறார்களே, தொட்டால் நொறுநொறுவென்று, அதில் ஓர் இழை பருத்தி கிடையாது. முழுக்கப் பாலிபுரோப்பிலீன். அந்த 14 வகைத் தடையில் அதுவும் உண்டு. அதன் மேல் 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்துக் கொடுத்தவனும் நான்தான். பிளாஸ்டிக் ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்கு இருபதடி பேனர் செய்துகொடுத்தேன். ஃப்ளெக்ஸ். பி.வி.சி. பூசிய சமாச்சாரம். விழா நாயகர் மேடையேறி, "இன்று முதல் பிளாஸ்டிக்கைத் தொடமாட்டோம்" என்று உறுதிமொழி வாசித்தபோது முதுகுக்குப் பின்னால் அது காற்றில் படபடவென்று கைதட்டியது.

ஆர்கானிக் கடைக்காரர் ஒருவர் 'மக்கும் கவர்' கேட்டார். அந்த வகைக் கவர் மக்குவதற்குச் சுமார் 60 டிகிரி சூட்டில் நடக்கும் உர ஆலை வேண்டும். மாடித் தோட்டத்துத் தொட்டியில் மக்காது. அந்த ஆலை எங்கே இருக்கிறது என்று அச்சடிக்கக் கவரில் இடம் போதவில்லை.

2024 அக்டோபரில், பொய்ப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. சொன்னால் ஆதாரம் காட்டவேண்டும். ஒரு கம்பெனி மேனேஜர் பதறிப்போய் ஓடிவந்தார். பொருளை மாற்றப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். '100% பசுமை' என்பதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடச் சொன்னார். நட்சத்திரத்துக்கான விளக்கம் மடிப்புக்கு உள்ளே, எறும்பு படிக்கிற அளவில். கூடவே முன்பக்கம் கொட்டை எழுத்தில், 'குப்பையைத் தொட்டியில் போடுங்கள், பொறுப்புள்ள குடிமகனாக இருங்கள்'. பிரிக்க முடியாதபடி ஒட்டி விற்றவன் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறான், அஞ்சு ரூபாய்க்கு வாங்கித் தின்ற பள்ளிக்கூடப் பிள்ளையிடம்! எனக்கு வாயில் வந்தது வேறு. கையில் அட்வான்ஸ் செக் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

நேற்று அண்ணாச்சி போன் செய்தார். கருப்பட்டி பிய்த்துக்கொண்டு போகிறதாம். அடுத்து சுக்குமல்லிக் காப்பிப் பொடி.

"தம்பி, இந்தத் தடவ மஞ்சப்பை மாதிரி இருக்கணும். துணியோட இழை தெரியணும். ரெண்டு காது வரஞ்சுடுங்க."

"அதே மூணு லேயர்தானே அண்ணாச்சி?"

"பின்ன?"

படம் எடுக்க ஒரு மஞ்சப்பை வேண்டும். கோயம்பேடு மார்க்கெட்டில் வைத்த மிஷின் வேலை செய்தால், பத்து ரூபாய் போட்டதும் ஒன்று விழும். பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்.