ஆமாம் சாமி கிளாக்கன்

பிளேட்டோவின் 'குடியரசு' என்னிடம் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது. ஒன்று 1871-இல் ஜோவெட் செய்தது, மற்றது அண்மையில் வந்தது. ஜோவெட் பாதிரியாரும்கூட, அவருடைய சாக்ரடீஸ் பிரசங்கம் செய்கிறார். புதியவரோ டிவி விவாதத்துக்கு வந்த பேராசிரியர்போலப் பேசுகிறார். 'யூடைமோனியா' என்ற ஒரே கிரேக்கச் சொல் அங்கே 'மகிழ்ச்சி', இங்கே 'செழிப்பு'. எனக்கு எது வாய்த்திருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை.

இருவரும் தகராறில்லாமல் ஒத்துப்போவது ஓரத்து எண்களில்தான். 1578-இல் ஜெனீவாவில் ஸ்டெஃபானுஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள் அவை. குகைக் கதை இரண்டிலும் 514. பிளேட்டோ எண் எதையும் போட்டவரில்லை என்பது வேறு விஷயம்.

பாவம், சாக்ரடீஸோடு உரையாடும் கிளாக்கன். அவ்வப்போது மடக்கிக் கேட்பார். மற்றபடி பக்கம் பக்கமாகத் தலையாட்டல்தான். கிரேக்கத்தில் ஆமோதிக்க எத்தனையோ விதம் உண்டு. மொழிபெயர்ப்பவர்களும் "உண்மை", "முற்றிலும் உண்மை", "வேறெப்படி?" என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். நாலாவது பக்கத்தில் என் தலையும் ஆடத் தொடங்கிவிடுகிறது. தத்துவம் புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்கிறாள் மனைவி.