துப்பிய விதையும் வாங்கிய எண்ணெயும்

திராட்சை விதையை விழுங்கினால் வயிற்றுக்குள் கொடி முளைத்துக் காது வழியாக இலை விடும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்களுக்குச் சொன்னது அப்பத்தா. கம்பம் பள்ளத்தாக்கில், பந்தலுக்கு அடியில் நின்றால் தலைக்கு மேலே குலை குலையாகப் பழம் தொங்கும் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மிரட்டல் வெறும் கதையாகப் படவில்லை; ஒரு குச்சியை ஊன்றினால் பந்தல் முழுக்கப் படர்ந்துவிடும் கொடியைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள், எங்கள் வயிறு அதற்கு எம்மாத்திரம்? ஆகவே துப்பினோம். துப்புவதற்கும் முறை இருந்தது. பழத்தை முன்பல்லால் நசுக்கி, சாற்றை உள்ளே விட்டு, விதைகளைக் கன்னத்தோரம் ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் உதட்டைக் குவித்து ஒவ்வொன்றாக விட வேண்டும். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து துப்பினால் எதிர்க்கரையில் விழ வேண்டும், விழாதவன் அடுத்த குலையைக் காவல்காரர் கண்ணில் படாமல் பறித்து வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். பெரும்பாலும் நான்தான் பறித்து வந்தேன்.

அந்தப் பழம் பன்னீர்த் திராட்சை. கருநீலத் தோலின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் மினுமினுக்கும், கடித்தால் இனிப்பும் புளிப்பும் ஒன்றாக வந்து, கடைசியில் ஒரு கல்யாண வீட்டு வாசனை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். மற்ற ஊர்களில் கோடையோடு திராட்சைப் பருவம் முடிந்துவிட, எங்கள் பக்கத்தில் மட்டும் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாகச் செய்து ஆண்டு முழுவதும் பழம் பறிப்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. செய்தித்தாளில் படித்தபோது, நான் துப்பிய ஒரு பொருளுக்கு அரசாங்கம் சான்றிதழ் கொடுத்துவிட்டதைப் போல ஒரு கூச்சம் வந்தது.

அதற்கு வெகு முன்பே விதையில்லாத திராட்சை வந்துவிட்டது. ஓடைப்பட்டிப் பக்கத்துப் பந்தல்களில் பச்சை நிறத்தில் நீளவாக்கில் தொங்கிய அந்தப் பழத்தை முதன்முதலில் தின்றபோது, துப்புவதற்கு எதுவும் இல்லாமல் வாய் வேலையிழந்து நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாகரிகம் என்றால் இதுதான் என்று அன்று நினைத்தேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழம் பருக்க வேண்டுமானால் அதற்கான ஊக்கியைச் சுரந்து கொடுப்பது விதை. விதை வளராமல் நின்றுபோன பழம் சிறுத்துத்தான் போகும். ஆகவே அதே ஊக்கியை, ஜிப்ரலிக் அமிலம் என்ற பெயரில், வாளியில் கரைத்துக் குலையை முக்கி எடுத்துப் பெரிதாக்குகிறார்கள். விதையை வெளியே அனுப்பிவிட்டு அதன் வேலைக்கு மட்டும் வெளியாளை வைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. என் மகளும் விதையுள்ள திராட்சையைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டே வளர்ந்தாள்.

அந்த மகள்தான் போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்தபோது கரும்பச்சைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, குழந்தையை இறக்கிவிடுகிற பதனத்தோடு மேசைமேல் வைத்தாள். “திராட்சை விதை எண்ணெய்ப்பா. சமையலுக்கும் ஊற்றலாம், முகத்துக்கும் தடவலாம். உடம்புக்கு அவ்வளவு நல்லது.” பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். இத்தாலியில் தயாரானது. கால் லிட்டர். அந்த விலைக்குச் சந்தையில் ஒரு கூடை பன்னீர்த் திராட்சை வாங்கி, ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் துப்பச் சொல்லியிருக்கலாம்.

விலையில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். திராட்சை விதையிலோ நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பங்குதான். அதுவும் விதை காய்ந்து, சுத்தமாகி, ஆலைக்குள் போன பிறகு. ஒயினுக்காக மலை மலையாகத் திராட்சையைப் பிழிகிற இத்தாலியிலும் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சக்கையில் மிஞ்சும் விதை ஏராளம். குப்பைக்குப் போக வேண்டியதைக் காசாக்கும் சாமர்த்தியம் அது. நம் ஊரில் பழத்தை அப்படியே தின்றுவிடுவதால், விதை ஒவ்வொருவர் வாயிலிருந்தும் தனித்தனியாகப் புறப்பட்டு வாய்க்காலோடு போய்விட்டது. அதை ஒரே இடத்தில் சேர்க்கத் தெரியாததால் நாம் இறக்குமதி செய்கிறோம்.

எங்கள் காலத்தில் எண்ணெய் என்றால் செக்குக்குப் போக வேண்டும். நான் போனதற்குக் காரணம் எண்ணெய் இல்லை, புண்ணாக்கு. கல் உரலில் எள்ளைக் கொட்டி, மாடு சுற்றச் சுற்ற அது நொறுங்கிக் களியாகத் திரளும்போது செட்டியார் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். அப்போதுதான் எண்ணெய் தெளிந்து பிரியும், கசப்பும் அடங்கும். உரலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சூடான புண்ணாக்கைக் கத்தியால் பெயர்த்து, கேட்காமலே ஒரு துண்டைக் கையில் வைப்பார். எள்ளின் கரகரப்பும் கருப்பட்டியின் இனிப்பும், விரலிடுக்கில் வழியும் எண்ணெயும்! மாட்டுக்குப் போக வேண்டிய பங்கு என்று தெரிந்தே, மாட்டின் முகத்தைப் பார்க்காமல் தின்போம். பிறகு டின்னில் வனஸ்பதி வந்தது, ரேஷனில் பாமாயில் வந்தது, பாக்கெட்டில் சூரியகாந்திப் பூவின் படத்தோடு ரீஃபைண்ட் ஆயில் வந்தது, அதன் பின்னாலேயே கொலஸ்ட்ரால் வந்தது. இப்போது கொழுப்பைக் கண்டு பயந்தவர்கள் எல்லாரும் மரச்செக்குக் கடை வாசலில் பழைய விலைக்கு இரண்டு பங்கு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். அங்கே மாடு இல்லை, மோட்டார் ஓடுகிறது. புண்ணாக்கும் கொடுப்பதில்லை. கேட்டுப் பார்த்தேன், கடைப்பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

முகத்துக்கு எண்ணெய் என்று மகள் சொன்னாளே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சனிக்கிழமை தோறும் அப்பத்தா கையில் சிக்கிய நாட்களை நினைத்துக்கொண்டேன். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சந்தலையில் அறைந்து, காதில் இரண்டு சொட்டு விட்டு, முதுகைத் தேய்த்து, கோவணத்தோடு வெயிலில் நிறுத்துவாள். சீயக்காய் கண்ணில் போய்க் கதறுவது தெருவுக்கே கேட்கும். அதன் பிறகு சுடுசோறும் கறிக்குழம்பும், தூங்கக் கூடாது என்ற கட்டளையும், கட்டளையை மீறி இமையை இழுக்கும் அந்த அசதியும். அந்த அசதியை இன்று எந்த மாத்திரையும் தருவதில்லை. ஆனால் மதுரைக்குப் படிக்கப் போன பிறகு நான் முதலில் விட்டது எண்ணெயைத்தான். என் அழகுணர்ச்சி முழுவதும் அப்போது எண்ணெய்க்கு எதிராகத் திரண்டிருந்தது. சட்டைப்பையில் கைக்குட்டை, பெண்கள் கல்லூரிப் பேருந்து வருவதற்குள் மூக்கையும் நெற்றியையும் ஒற்றி எடுத்து, குட்டிகூரா பவுடரை அப்பி, மாவில் புரட்டிய மீன் மாதிரி நிறுத்தத்தில் நிற்பேன். பேருந்து ஒருநாளும் நின்று என்னைப் பார்த்ததில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனால், எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் காத்திருக்கும் அப்பத்தாவுக்கு டிமிக்கி கொடுக்கக் கொல்லைப்புறமாக ஓடியிருக்கிறேன். இப்போது அவள் கொள்ளுப்பேத்தி, இரவு படுக்கும் முன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, முகத்தில் மூன்று சொட்டு எண்ணெயை விரல்நுனியால் தட்டித் தட்டி ஏற்றுகிறாள். யாரும் துரத்தவில்லை, காசு கொடுத்து ஏற்றுகிறாள்.

தடவிப் பார்த்தேன். பிசுக்கு இல்லை என்பது உண்மை. லேசாக இருக்கிறது, சீக்கிரம் தோலோடு படிந்துவிடுகிறது, மசாஜ் நிலையங்களில் வாசனைத் தைலங்களைக் கலந்துகொள்ள இதை விரும்புவது அதனால்தான். இதன் பெரும்பகுதி, நூற்றுக்கு எழுபது அளவில், லினோலிக் அமிலம். நம் தோலே தன் ஈரத்தைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்துகிற கொழுப்பு அது. வறண்ட தோலுக்கு இதம். சுருக்கம் மறையும், கருவளையம் போகும் என்பதெல்லாம் பாட்டிலை விற்பவர்களின் நம்பிக்கை. என் சுருக்கங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இதே லினோலிக் அமிலம் சூரியகாந்தி எண்ணெயிலும் குசும்பா எண்ணெயிலும் தாராளமாக இருக்கிறது என்பதையும், வைட்டமின் ஈ விஷயத்தில் சூரியகாந்தி இதற்குச் சளைத்ததல்ல என்பதையும் மகளிடம் சொன்னேன். “அதுக்கு இப்படி பாட்டில் கிடையாதேப்பா” என்றாள். நியாயம்தான்.

திராட்சை விதையின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. விதை பல்லில் கடிபட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் ஒரு துவர்ப்பு வரும், அதற்குப் பயந்துதான் பாதி நாள் துப்பினோம். அந்தத் துவர்ப்புப் பொருள்களைத்தான் இன்று ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று மாத்திரையில் அடைத்து விற்கிறார்கள். ஜாக் மாஸ்கலியே என்ற பிரெஞ்சுக்காரர் 1940களின் இறுதியில் இவற்றை முதலில் பிரித்தெடுத்தது திராட்சையிலிருந்து அல்ல, வேர்க்கடலையின் சிவப்புத் தோலிலிருந்து. திராட்சை விதை பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பறக்கவிட்டோமே, அதே தோல். ஒரு தலைமுறையே துப்பியும் ஊதியும் ஆரோக்கியத்தை அப்புறப்படுத்தியிருக்கிறது. கூத்து என்னவென்றால், இந்தத் துவர்ப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெயைப் பிழிந்த பிறகு அது பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அங்கேயும் நல்லது மாட்டுப் பக்கம்தான் போயிருக்கிறது.

சமையலறையில் என் மனைவி அதற்கு நேர்மையாகவே வாய்ப்புக் கொடுத்தாள். சுமார் 215 டிகிரி வரை புகையாத எண்ணெய் என்று மகள் சொல்லிப்போனதால், மீன் வறுவலுக்கு ஊற்றினாள். கல்லில் ஒட்டாமல், நிறம் கெடாமல் வந்தது. வெள்ளரி, தக்காளி நறுக்கி எலுமிச்சை பிழிந்து மேலே ஊற்றியபோதும் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகையவில்லை என்பதற்காக அப்பமும் வடையுமாகத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது, இவ்வளவு லினோலிக் அமிலம் உள்ள எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கெடும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் இட்லிப்பொடிக்குக் குழியில் இதை ஊற்றிக் குழைத்து வாயில் வைத்த காலைதான் தீர்ப்பு வந்தது.

“மணமே இல்லையேங்க.”

“அதுதான் இதோட சிறப்பாம். எந்தப் பதார்த்தத்தோட மணத்தையும் மறைக்காதாம்.”

“மணம் இல்லாத எண்ணெய்க்கா இவ்வளவு காசு?” என்று கேட்டுவிட்டு, நல்லெண்ணெய்த் தூக்கை எடுத்து அதே பொடியின் மேல் இன்னொரு சுற்று விட்டாள். மாங்காய் ஊறுகாய்க்கு அந்தப் பாட்டிலை அவள் கிட்டேயே அண்டவிடவில்லை. அவளுக்குக் காரணம் தெரியாது, கை தெரியும். நல்லெண்ணெய் ஆண்டுக்கணக்கில் சிக்கு வாடை வராமல் இருக்க அதற்குள்ளேயே சில காப்புப் பொருள்கள் உண்டு, இதற்கு அந்தக் கட்டு இல்லை. மிச்சத்தை இரும்புக் கேட்டின் கீலுக்கு விட்டுப் பார்த்தேன். சில நாள் சத்தம் போடாமல் இருந்தது. பிறகு எண்ணெய் காற்றில் இறுகிக் கோந்தாகி, முன்பைவிடப் பலமாகக் கத்துகிறது.

நேற்று மகள் போனில் பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு என் மனைவி சாம்பாருக்குப் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்; விதைகளை நாரோடு வழித்து எடுத்து எப்போதோ குப்பைக்கூடையில் தள்ளியாயிற்று. எண்ணெய் எப்படி இருந்தது என்று மகள் கேட்க, அருமை என்றோம் இருவரும், ஒரே குரலில்.

“அடுத்த தடவை அதைவிட ஒசத்தியா ஒண்ணு வாங்கிட்டு வர்றேம்மா. பரங்கி விதை எண்ணெய். ஆஸ்திரியாவுல இருந்து வருது.”

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, அந்தக் குப்பைக்கூடையை இங்கிட்டுக் கொஞ்சம் நகர்த்துங்க.”