கிரகம் உண்டு, மனை இல்லை

2016 ஆகஸ்டில் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டில் மொத்தம் 18,446,744,073,709,551,616 கிரகங்கள். ஒன்றுக்கு ஒரு விநாடி ஒதுக்கினாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். இதை விளையாடும் சுங்கை பெசார் இளைஞருக்கு அவசரமில்லை. ராத்திரி இருக்கிறது, இணையம்தான் அவ்வப்போது இருப்பதில்லை.

இந்தக் கிரகங்களை யாரும் வரைந்து சேமித்து வைக்கவில்லை. ஆள் போய் இறங்கும்போதுதான் ஒரு கணிதச் சூத்திரம் மலை, கடல், எட்டுக்கால் பிராணி என்று உருவாக்கித் தருகிறது. மந்திரி வரும் அன்றைக்கு மட்டும் தார் பூசிக்கொள்ளும் தோட்டத்துச் சாலை மாதிரி.

முதலில் கால் வைத்தவரே கண்டுபிடிப்பாளர். பெயரும் அவரே சூட்டலாம். அங்கே ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருக்கும் பிராணிகளை யாரும் கேட்பதில்லை. தோட்டத்துத் துரைமார் வகுத்த இலக்கணம் பழுதில்லாமல் விண்வெளிக்கும் போயிருக்கிறது. கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் நைஜல் கார்ட்னர், மேரி என்றெல்லாம் தோட்டங்கள் உண்டு. காட்டை அழித்து மரம் நட்ட முனியாண்டி பெயரில் தேடினால் கிடைக்காது.

அந்தத் தோட்டங்களின் பழைய தொழிலாளர்கள் ஒரு சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். பேரப்பிள்ளையோ ஒரே ராத்திரியில் நாலு கிரகத்துக்குச் சொந்தக்காரனாகிவிடுகிறான். பட்டாதான் வருவதில்லை.

நிஜ வானத்திலும் நமக்குப் பங்குண்டு. 2019இல் அனைத்துலக வானியல் ஒன்றியம், மலேசியா தந்த பெயர்களை ஏற்று, எச்டி 20868 என்ற விண்மீனை இந்தான் என்றும் அதன் கிரகத்தை பைடூரி என்றும் அழைத்தது. பைடூரிக்கு ஓராண்டு ஏறத்தாழ 381 நாள். எடை வியாழனைப்போல் சுமார் இரு மடங்கு. வாயுக் கோளம் என்பதால், வீட்டுத் திட்டம் அறிவிக்க அங்கே தரை கிடையாது.