ஆழிப் பேரரசருக்கு ஓர் உபசாரப் பத்திரம்

மயாமித் துறையிலே கொலுவீற்றிருக்கும் பேரரசே! பெரியோரைப் பெயர் சொல்லி விளிப்பது எங்கள் பக்கத்து வழக்கமன்று. ஆதலால் தங்கள் திருநாமத்தை நெஞ்சிலேயே இருத்திக்கொண்டு, தங்கள் திருவயிற்றில் அமர்ந்து கரீபியன் கடலை வலம்வரும் பேறுபெற்ற எளியேன், இந்தப் பத்திரத்தைத் தங்கள் சந்நிதானத்தில் பணிவோடு சமர்ப்பிக்கிறேன்.

தங்கள் குலப்பெருமையை நான் சொல்லியா உலகம் அறிய வேண்டும்? 2024 ஜனவரியில் இதே துறையிலிருந்து முதல் உலா புறப்பட்ட தங்கள் உறவினராகிய உல்லாசக் கப்பல் ஐகான் ஆஃப் த சீஸ் ஒருவரே போதும். நீளம் 365 மீட்டர். அடுக்குகள் 20. முழுக்க நிரப்பினால் 7,600 பயணிகள். அவர்களை உண்பித்து, உறங்கவைத்து, களிப்பூட்டி, கழுவிவிட 2,350 பணியாளர்கள். ஒரு தாலுகா தலைநகரையே பெயர்த்து நீரில் மிதக்கவிட்டு, அந்த ஊரின் சந்தை நெரிசலை மட்டும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சேர்த்த அருஞ்செயலுக்கு ஈடு இணை ஏது!

கட்டுமரம் கட்டிய நாள்முதலாகக் கடலோடிகள் அத்தனை பேரும் கடலை எப்படிக் கடப்பது என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். கடலே தெரியாதபடி செய்துவிட்டால் கடக்க வேண்டிய தொல்லையே இல்லையே என்ற ஞானம் தங்களுக்கு உதிக்கும்வரை, அந்தப் பேதைகள் விண்மீன் பார்த்தும் காற்றின் போக்கைக் கணித்தும் வாழ்நாளை வீணடித்தார்கள். எனக்கு அருளப்பட்ட அறை தங்கள் உடலின் நட்டநடுவில் இருந்தது. சன்னல் கிடையாது. சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு திரை. வெளியே கேமரா பிடிக்கும் கடல் அதில் நேரலையாக அசைந்துகொண்டிருந்தது. சில சுவர்களுக்கு அப்பால் அசல் கடல் இருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் தூக்கம் வந்ததும் அணைத்துவிட அதற்குப் பொத்தான் உண்டா?

மேல்தளத்துக்கு ஏறினால் அங்கே அலைச்சறுக்கு. நாற்புறமும் கடல் அலையடித்துக்கொண்டிருக்க, பம்பு போட்டுப் பீய்ச்சி உண்டாக்கிய அலைக்கு முன்னால்தான் வரிசை நீண்டிருந்தது. நீச்சல் குளங்களில் நீர் இருப்பதாகச் சொன்னார்கள். தலைகளும் பிளாஸ்டிக் கோப்பைகளும்தான் என் கண்ணுக்குத் தென்பட்டன. சாய்வு நாற்காலிகளை விடிவதற்கு முன்பே துண்டு போட்டுப் பிடித்துவிட்டு, பத்து மணிவரை உறங்கி எழுந்து வரும் ராஜதந்திரிகளை அங்கேதான் தரிசித்தேன். ஒரு பிற்பகல், இடதுபுறமாக டால்பின்கள் கூட்டமாகத் துள்ளிக்கொண்டு வந்தன. அப்போது குளத்தங்கரையில் வயிறு அடிபடக் குதிக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. யார் விழும்போது சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அவருக்குப் பரிசு. ஆயிரம் கண்களில் ஒன்றும் இடப்பக்கம் திரும்பவில்லை. குடிகளை இத்தனை ஒருமுகப்பட்ட சிந்தையோடு வைத்திருக்கும் ஆட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்னதானத்தைச் சொல்லாமல் விட்டால் நாவு அழுகிப்போகும். விடிகாலையில் திறக்கும் பந்தி நள்ளிரவுக்கும் மூடுவதில்லை. வாசலிலேயே ஒருவர் கிருமிநாசினிப் புட்டியோடு நின்று, கைகழுவச் சொல்லிப் பாட்டுப் பாடி ஆடுகிறார். வாந்திபேதிக் கிருமி தங்கள் குலத்தின் மீது கொண்ட அன்பு அத்தகையது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அதற்கென்றே தனித் திட்டம் ஒன்றை 1970களிலிருந்து நடத்திவருகிறது. உள்ளே என் முன்னால் நின்ற ஒரு கனவானின் தட்டைச் சொல்கிறேன். அடியில் நூடுல்ஸ், அதன்மேல் மூன்று துண்டு பீட்சா, அதன்மேல் இறால், இறாலின்மேல் அவித்த முட்டை, உச்சியில் சாக்லேட் கேக். மேசைக்குப் போய் கேக்கில் ஒரு விள்ளல் எடுத்தார். பிறகு தட்டை ஒதுக்கிவிட்டுப் புதுத் தட்டோடு எழுந்தார். தன் பசியைப் பொருட்படுத்தாமல் உழைக்கும் அப்பெருந்தகையை வணங்காமல் இருக்க முடியுமா? மிஞ்சியதும் வீணாவதில்லை. சர்வதேச விதி அனுமதிக்கிறபடி 25 மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைத்து, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்களுக்கு வார்க்கலாம். கேக் தின்னாத மீன் கரீபியனில் இனி இராது.

இந்தச் சொர்க்கத்தின் அடித்தளத்தைப் புகழ எனக்குச் சொல் போதவில்லை. நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் பணியாளர் குடியிருப்பு. அங்கே கப்பலின் முனைக்கும் முனைக்கும் ஓடும் நடைபாதைக்கு, அமெரிக்கக் கிழக்குக் கரையின் நெடுஞ்சாலையை நினைத்து, ஐ-95 என்று பேர். மேலே வரும்போது ஒவ்வொருவர் மார்பிலும் பெயரும் பிறந்த நாடும் பொறித்த வில்லை: பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, ஜமைக்கா. உலக நாடுகளை இவ்வளவு சிக்கனமாகச் சுற்றிப் பார்க்கும் வசதியைத் தந்தமைக்கு நன்றி! கடற்பணியாளர் உடன்படிக்கை வாரத்துக்கு 72 மணிநேரம்வரை வேலை வாங்க இடம் தருகிறது. ஏழு நாளும் வேலை, மாதக்கணக்கில் ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வது என்ற வெறுமை அவர்களை வாட்டுவதில்லை.

என் அறையைப் பேணியவர் இந்தோனேசியர். ஒவ்வோர் இரவும் துண்டுகளை மடித்து ஒரு விலங்கு செய்து படுக்கையில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் யானை, ஒருநாள் குரங்கு. குரங்குக்கு என் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார். ஒரு விலங்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அறைகளின் எண்ணிக்கையைச் சொல்லிச் சிரித்தார். தம் மகள் முதன்முதலாக நடந்ததைக் கைபேசியில் பார்த்ததாகவும், படம் பாதியில் நின்றுவிட்டதாகவும் சொன்னார். அப்படிப் பார்ப்பதற்கான இணையத்தையும் அவருக்குக் காசுக்கு விற்றது தாங்களே என்று அறிந்தபோது மெய்சிலிர்த்துப்போனேன். கொடுத்த சம்பளம் வேறெங்கும் போய்ச் சீரழியாமல் தந்தைபோலத் திரும்பப் பெற்றுக் காக்கும் கருணை யாருக்கு வரும்? அவருக்குரிய அன்பளிப்பையும் என் மனம் அலைபாய விடாமல், நாள் கணக்கில் தாங்களே என் பற்றுச்சீட்டில் ஏற்றிவிட்டீர்கள். என் தாராள மனத்தை எனக்கு அறிமுகம் செய்துவைத்தீர்கள்.

தாங்கள் எந்த நாட்டுக் குடி என்று கேட்கும் அற்பர்களும் உண்டு. வசுதைவ குடும்பகம் என்பதை வாழ்ந்து காட்டுபவர் அல்லவா தாங்கள்! தங்கள் குலத்தின் பெருநிறுவனங்கள் அலுவலகம் நடத்துவது மயாமியில். ஆனால் பதிவேட்டில் ராயல் கரீபியனுக்குப் பிறப்பிடம் லைபீரியா, கார்னிவலுக்குப் பனாமா, நார்வீஜியனுக்கு பெர்முடா. கப்பலின் பின்புறத்தில் பறப்பதோ பெரும்பாலும் பஹாமாஸ் கொடியோ பனாமாக் கொடியோ. வரி கேட்க வருபவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று திகைத்து நிற்பார். அவருடைய நேரம் மிச்சம். பயணச்சீட்டின் பொடியெழுத்து இன்னும் அருமையானது. அமெரிக்காவின் மறுகோடியில் இருக்கும் பயணி கப்பலில் வழுக்கி விழுந்தாலும், சீட்டில் அச்சிட்டிருந்தால் ஃபுளோரிடா வரை வந்துதான் வழக்காட வேண்டும் என்று 1991-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இடுப்பு முறிந்தவருக்கும் ஒரு சுற்றுலா.

கடல் அன்னைக்குத் தங்கள் குலத்தார் செய்யும் அபிஷேகத்தைச் சொல்லும்போது கண்கள் பனிக்கின்றன. கரீபியன் பிரின்சஸ் என்னும் கோமகள், எண்ணெய்க் கழிவை வடிகட்டும் கருவிக்குத் தொந்தரவு தராமல் தனிக்குழாய் ஒன்றின் வழியே நேராகக் கடலுக்கு அனுப்பிவந்தாள். மாயக்குழாய் என்று அன்போடு அழைப்பார்கள். 2013-இல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளர், சமர்த்தில்லாமல், இங்கிலாந்துக் கரையில் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டார். பிரின்சஸ் நிறுவனம் 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் கட்டியது. வேண்டுமென்றே கடலைக் கெடுத்த கப்பல்களின் வரலாற்றில் அதுவரை அத்தனை பெரிய அபராதத்தை எவரும் எட்டியதில்லை. அந்தப் புகழ் மங்குமுன், நன்னடத்தைக் காலத்திலேயே விதிமீறி, தாய் நிறுவனமான கார்னிவல் 2019-இல் மேலும் 2 கோடி டாலர் கட்டியது. உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கைக் கலந்து பஹாமாஸ் கடலில் கொட்டியதும் அந்தச் சாதனைகளில் ஒன்று. காற்றின் மீது கொண்ட பரிவும் குறைவன்று. புகையில் கந்தகம் கூடாது என்று விதி வந்ததும், பல கப்பல்கள் புகையைக் கடல்நீரால் கழுவி, கழுவிய நீரைக் கடலிலேயே விட்டன. வானம் தூய்மையாயிற்று. அந்த நீர் போன இடத்தை எந்தப் பயணியும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் அதுவும் தூய்மையே.

திக்விஜயத்துக்கு வருகிறேன். 1025 வாக்கில் எங்கள் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பிக் கடாரம் கொண்டான் என்று பெருமை பேசுகிறோம். எத்தனை வீண் செலவு! எதிரி நாட்டில் மனிதர்கள் இருந்ததால்தானே அந்தப் போர்? தங்கள் உறவினர்கள் குடியூர் இல்லாத பஹாமாஸ் தீவாகப் பார்த்து எடுத்து, லிட்டில் ஸ்டிரப் கே என்ற அதன் பழைய பெயரை மாற்றி, சறுக்குமரமும் குடையும் மதுக்கடையும் நட்டு, குறையற்ற நாள் என்று விருதுப்பெயரும் சூட்டினார்கள். ஒரு வெளிநாட்டுக்குப் போய், அந்நாட்டுச் சந்தையையோ பள்ளியையோ பிச்சைக்காரரையோ பார்க்க நேராமல் திரும்பும் வித்தை அங்கே முழுமை பெற்றது. பயணியின் காசும் வழிதவறி உள்ளூர்க்காரன் பெட்டிக்கடையில் விழாமல் பத்திரமாக வீடு திரும்புகிறது.

இந்த வித்தையின் உச்சம் ஹைத்தி. அங்கே லபாடி என்ற கடற்கரை ராயல் கரீபியனின் குத்தகையில் வேலிக்குள் இருந்தது. 2010 ஜனவரி 12 அன்று அந்நாட்டின் தலைநகரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூன்றே நாளில், நூறு மைலுக்குள் இருக்கும் லபாடியில் கப்பல் அணைந்தது. நிவாரணப் பொருள்களையும் இறக்கினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னர் பயணிகள் இறங்கி, மீட்புப் பணிக்கு எவ்வித இடையூறும் செய்யாமல், வேலிக்கு இந்தப்புறமே நீந்தி, பானம் அருந்தி, வெயில் காய்ந்தார்கள். கப்பலிலேயே தங்கிவிட்ட, சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்ன, மனத்திடமற்ற சிலரும் இருந்தார்களாம். அத்தகையோரைத் தாங்கள் மன்னிக்க வேண்டும்.

தங்கள் குலத்து வீரர்களில் கோஸ்டா கான்கார்டியாவின் கேப்டனை மறக்கலாகுமா? 2012 ஜனவரியில் ஜிலியோ தீவுக்கு வணக்கம் சொல்லக் கரையை ஒட்டிப் போய்ப் பாறையில் மோதினார். 32 பேர் இறந்தார்கள். தலைவன் கடைசியில்தான் கப்பலை விட வேண்டும் என்ற பழங்கட்டுப்பாட்டை உடைத்து முன்னதாகவே படகில் இருந்தார். தாமாக ஏறவில்லை, தடுமாறி உள்ளே விழுந்துவிட்டதாகப் பணிவோடு விளக்கினார். இத்தாலிய நீதிமன்றம் அவருக்கு 16 ஆண்டு ஓய்வளித்தது.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸோ சமத்துவத்துக்கே புது இலக்கணம் வகுத்தாள். 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா. பயணிகள் அறைக்குள் தனித்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அறைகளின் வாசலுக்கு வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்ததே, அது தானாகவா நடந்து வந்தது? சுமந்தவர்கள் இரவில் அடித்தளத்தில் அறைகளைப் பகிர்ந்துகொண்டு படுத்தார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர். மதுரைக்காரர் ஒருவர் கைபேசியில் முகம் காட்டி, எங்களை எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியது தமிழகம் முழுக்கக் கேட்டது. விருந்தோம்பலுக்கு இடையூறாக அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான்.

நன்றி கெட்ட ஊர்களும் இருக்கின்றன. 2019 ஜூனில் வெனிஸின் கால்வாயில் எம்எஸ்சி ஓபரா ஒரு சுற்றுலாப் படகையும் துறையையும் செல்லமாக இடித்ததற்கு மனம் கோணி, 2021 ஆகஸ்டிலிருந்து பெருங்கப்பல்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பல நூற்றாண்டு மாளிகைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் தங்கள் எழிலை இழந்த அந்நகரம் எப்படித்தான் தாங்குகிறதோ! ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் மக்கள் 2020-இல் பெருங்கப்பல் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். நல்லவேளையாக, மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அந்த வாக்கைச் செல்லாததாக்கி ஜனநாயகத்தைக் காப்பாற்றியது.

ஊர் திரும்பும் நாளில் காலை உணவோடு எங்களை இறக்கிவிட்டு, பகலுக்குள் அடுத்த ஆயிரங்களை அதே படுக்கைகளில் ஏற்றி, மாலையில் மறுபடி புறப்படும் தங்கள் வேகத்துக்கு ஒரு கும்பிடு. இறங்குமுன் கருத்துப் படிவம் ஒன்று வந்தது. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் தமக்குக் கேள்வி வரும் என்று அறைப் பணியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்லாவற்றுக்கும் பத்துப் போட்டேன். தலையணை, சூப்பு, நகைச்சுவைக் கலைஞர், தங்கமுலாம் சங்கிலியை அங்குலக்கணக்கில் அளந்து விற்ற கடை என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி இருந்தது. கடலைப் பற்றி ஒன்றுமில்லை. அதனால் யாருக்கும் எந்த இடைஞ்சலும் நேரவில்லையே, கேட்பானேன்?