திண்ணையில கெடக்கும் போனு

வாலே பேராண்டி, வா. வீட்டுக்கு அப்புறம் போகலாம், மொதல்ல இந்தக் கடை பெஞ்சில உக்காரு. எட்டேகால் பஸ்ஸுக்கு வருவன்னு தெரிஞ்சுதான் காத்துக்கிட்டு இருக்கேன். கோவில்பட்டியில கடலைமிட்டாய் வாங்கினியே, பொட்டலத்த எடு.

முழிக்காதலே. எனக்கு மை போட்டுப் பாக்கத் தெரியாது. சென்னையில வீட்டைப் பூட்டினப்ப, "அஞ்சு நாள் ஊர்க் கொடை"ன்னு ஸ்டேட்டஸ் போட்ட. ரயில்ல மேல் பெர்த்துல காலாட்டினதப் போட்ட. பொறவு கடலைமிட்டாய். எனக்குத் தெரிஞ்சது உன் போன்ல கெடக்க அத்தன பேருக்கும் தெரியும்லா? தண்ணி கேன் போடுதவன், ஏசி ரிப்பேர் பாத்தவன், பழைய வீட்டு புரோக்கர், எல்லாரும் அதுக்குள்ளதான இருக்காக. பூட்டு தொங்குத வீட்டுக்குத் தண்டோரா போட்டுட்டு வந்த ஒரே ஆளு நீதான். யாரு பாக்கலாம்னு குறிக்க அந்த ஸ்டேட்டஸ்லயே ஒரு எடம் இருக்கு. இஞ்சினியருக்கு நான் சொல்லணுமா?

"மறைக்க நம்மகிட்ட என்ன தாத்தா இருக்கு"ன்னு கேக்க. நல்ல கேள்வி. வாய்க்கால்ல குளிச்சிட்டுக் கரையேறுகையில துண்ட எதுக்குலே சுத்துத? உள்ள களவாண்ட பொருளா இருக்கு?

புட்டசாமின்னு ஒரு பெரியவரு இருந்தாரு. கர்நாடகத்துல ஐகோர்ட்டு நீதிபதியா இருந்து ரிட்டயரானவரு. 80 வயசைத் தாண்டின பொறவு, 2012ல, ஆதார் விசயமா சுப்ரீம் கோர்ட்டு படியேறினாரு. அந்தக் கேசுலதான் 2017 ஆகஸ்ட் 24ல 9 நீதிபதிக ஒண்ணா உக்காந்து, அந்தரங்கம் மனுசனோட அடிப்படை உரிமைன்னு ஒரே முடிவாச் சொன்னாக. ஒரு கெழவன் நடையா நடந்து வாங்கின உரிமைய, நீ கடலைமிட்டாய் போட்டோவுக்கு வித்துட்டு நிக்க.

உன் போனக் குடு. நீ தொறக்க வேண்டாம், நானே தொறக்கேன். சாய்ச்சுப் பிடிச்சா கண்ணாடியில எண்ணெப் பிசுக்கு 'ட'ன்னு தெரியுது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையே எழுதித் தொறந்திரும். ஆறு நம்பர் பின் வையி. உன் பொறந்த நாள் வேண்டாம், அதுக்கும் வருசா வருசம் கேக் வெட்டிப் படம் போட்டிருக்க.

இந்தா, இந்த டார்ச் லைட் ஆப்பப் பாரு. வெளிச்சம் அடிக்கதுக்கு உன் லொக்கேஷன் எதுக்கு, காண்டாக்ட் எதுக்கு? நம்ம வீட்டு அரிக்கேன் லைட்டு என்னைக்காவது "உங்க மாமன் வீடு எங்கன இருக்கு"ன்னு கேட்டிருக்கா? அமெரிக்காவுல இப்படித்தான் ஒரு டார்ச் ஆப், ஆளு நிக்க எடத்த விளம்பரக்காரங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. 2013ல அங்க உள்ள வணிக ஆணையம் கையும் களவுமாப் பிடிச்சது. போன் வச்சிருந்தவன் வெளிச்சம் தனக்கு அடிக்குதுன்னு நெனச்சான், அது அவன் மேலயே அடிச்சிருக்கு.

செட்டிங்ஸ்ல பெர்மிஷன் மேனேஜர்னு ஒண்ணு கெடக்கு பாரு. அதுல லொக்கேஷன், மைக், கேமரான்னு ஒவ்வொண்ணாத் தொறந்து, எவன் எவன் உள்ள உக்காந்திருக்கான்னு எண்ணு. வழி காட்டுத ஆப்புக்கு, அத ஓட்டுத நேரம் மட்டும் குடு. மழை வருமான்னு சொல்லுத ஆப்புக்குத் துல்லியமான எடம் எதுக்கு? மழை என்ன, உன் கட்டிலுக்கு மட்டுமா பெய்யப் போகுது? தோராயமா ஊரக் காட்டு, போதும். ஆறு மாசமாத் தொடாத ஆப்பத் தூக்கி வெளிய போடு. கறவை வத்தின மாட்டுக்குக் கூட இவ்வளவு நாள் தீனி போட மாட்டாக.

போன வாரம் பட்டா நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால ஒருத்தன், "அண்ணே, வாட்ஸ்அப்ல ஆதார அனுப்பிட்டேன், ரெண்டு காப்பி"ங்கான். நான் கம்ப்யூட்டர எட்டிப் பாத்தேன். ஊர்ல பாதிப் பேரு அதுக்குள்ள வரிசையாப் படுத்திருக்கான். ஆதாரு, பேங்க் பாஸ்புக்கு, எவளோ ஒருத்தி ஸ்கேன் ரிப்போர்ட்டு. கடைக்காரப் பையன் தங்கமானவன்தான். ஆனா அந்தக் கம்ப்யூட்டருக்குக் கதவு கெடையாதே!

2022 மே மாசம் ஆதார் ஆபீஸ்காரங்களே ஒரு அறிக்கை விட்டாக. கண்ட எடத்துல நகலக் குடுக்காத, மறைச்ச ஆதாரக் குடு, கடைக் கம்ப்யூட்டர்ல எறக்கினா அழிச்சிட்டு வா, இதான் சேதி. 2 நாள்ல, சனங்க தப்பாப் புரிஞ்சுக்கிருவாகன்னு திரும்ப வாங்கிட்டாக. அறிக்கை போனாப் போகட்டும், புத்தியுமா கூடவே போகணும்?

மறைச்ச ஆதார்ல 12 நம்பர்ல கடைசி 4 மட்டும்தான் தெரியும். உன் ஆச்சி சுருக்குப்பை மாதிரி. பத்து ரூவா கேட்டா அந்தாண்ட திரும்பிக்கிடுவா, கை உள்ள போகும், பத்து ரூவா மட்டும் வெளிய வரும், கயிறு இழுபடும். அம்பது வருசமா எட்டிப் பாக்கேன், உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியல. கேட்டதுக்கு மேல காட்டாத, அவ்வளவுதான் வித்தை. உன் பாஸ்வேர்டப் பத்தி நான் பேசவே இல்ல. எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னு உன் மூஞ்சியே சொல்லுதே. வீடு, பீரோ, தோட்டம், மோட்டார் ரூம் எல்லாத்துக்கும் ஒரே சாவி போட்டவன் கதையக் கேட்டிருக்கியா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வையி, அத ஞாபகம் வைக்கதுக்குன்னே பாஸ்வேர்ட் மேனேஜர் இருக்கு. வாட்ஸ்அப்புக்கு ரெண்டடுக்குப் பூட்டு போட்டியா? இன்னைக்கே போடு.

லேப்டாப்ல 'மறைநிலை'யில, அதான் இன்காக்னிட்டோவுல, பாக்கேன்ங்க. பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டிருமா? உன் பொண்டாட்டி நாளைக்கு அந்தப் பொட்டியத் தொறந்தா, நீ பாத்தது தெரியாது. நீ போன எடத்துக்காரனுக்கும், இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுத்தவனுக்கும் தெரியாமப் போகுமா? மறைநிலையில பாத்ததையும் சேத்து வச்சதுக்காக கூகுள் மேல 2020ல கேசு போட்டாக. 2024ல, சேத்து வச்ச கோடிக்கணக்கான பதிவுகள அழிக்கோம்னு கூகுள் ஒத்துக்கிட்டது. அட, ஃபேஸ்புக் முதலாளி மார்க் சக்கர்பெர்க்கே 2016ல ஒரு போட்டோவுல மாட்டிக்கிட்டாரு. பின்னால அவரு லேப்டாப்பு, கேமரா மேல ஒட்டு. மிட்டாய்க் கடைக்காரன் தன் பிள்ளைக்கு மிட்டாய் குடுக்கல பாத்தியா?

இம்புட்டும் செஞ்ச பொறவும் எவனாவது ஏமாத்திப் பணத்த உருவிட்டா, வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்குப் போன் போடு. பணம் கை மாறுமுன்ன சொன்னாத்தான் மறிக்க முடியும்.

ஏ தம்பி, பேராண்டிக்கு ரெண்டு பரோட்டா வையி. எனக்கு ஒண்ணு பிச்சுப் போட்டு சால்னா ஊத்து.

என்னலே அப்படிப் பாக்க? டாக்டர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. உங்கப்பன் போன தடவ வந்தப்ப, சுகர்க்காரன் எங்கன சுத்துதான்னு அங்க இருந்தே பாக்கதுக்கு, என் போன்ல லொக்கேஷன் ஷேர்னு ஒண்ணப் போட்டு வச்சிட்டுப் போயிட்டான். அணைச்சா அவனுக்குத் தெரிஞ்சிரும். அதான் போனத் திண்ணையில சார்ஜுல போட்டுட்டு வந்துட்டேன். மேப்புப்படி, நான் இப்ப திண்ணையில உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டு இருக்கேன்.

பரோட்டாவப் போட்டோ எடுத்துப் போடாம உனக்குக் கை அடங்காது. போட்டுக்கோ. பக்கத்துத் தட்டு மட்டும் தெரியப்பிடாது.