கம்பி வைத்தாயிற்று, அப்புறம்?

கே: அம்மாவுக்கு 72 வயது. கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தாயிற்று. வாக்கர் பிடித்து நடக்கிறார். இனி என்ன வைத்தியம் பாக்கி? (பாபநாசம்)

ப: கம்பி ஓர் எலும்புக்கு. மிச்சம் 205-க்கு யார் பொறுப்பு? நின்ற வாக்கில் விழுந்ததற்கே இடுப்பு முறிகிறது என்றால், உள்ளே எலும்புப்புரை இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். வலி மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை, கால்சியம் இருக்கும். எலும்பைக் கெட்டிப்படுத்தும் மருந்து இருக்கிறதா? பணக்கார நாடுகளிலேயே பெரும்பாலோருக்கு அந்த ஒரு வரி விட்டுப்போகிறது. அறுவை செய்தவருக்குத் தையல் பிரித்ததோடு கணக்கு முடிந்தது. சர்க்கரைக்குப் பார்க்கிறவருக்கு எலும்பு வேறு இலாகா. இடையில் அம்மா அதே கொல்லைப்படியில் கால் வைக்கிறார். அடுத்த ரிவியூவில் ‘எலும்புப்புரைக்கு மருந்து எப்போது ஆரம்பிப்பது?’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

கே: முதலில் எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டாமா? (ஒரத்தநாடு)

ப: வசதிப்பட்டால் எடுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். முறிந்த இடுப்பைவிடப் பெரிய ரிப்போர்ட் எது?

கே: வருஷத்துக்கு ஒரே ஊசி என்கிறார்களே, நம்பலாமா? (மன்னார்குடி)

ப: நம்பலாம். ஜோலெட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம், ட்ரிப்ஸில் ஏற்றுவார்கள். இடுப்பு ஆபரேஷன் ஆன 90 நாளுக்குள் இதைப் போட்டு, சுமார் 2,100 பேரிடம் சோதித்த முடிவு 2007-இல் வெளியானது. மருந்து ஏறாதவர்களைவிடப் புதிய முறிவுகள் 35 சதவீதமும், இறப்புகள் 28 சதவீதமும் குறைந்திருந்தன. ஊசிக்கு முன் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் ரொம்பப் பழுதென்றால் இது வேண்டாம், வேறு மருந்து. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல் ஊசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். பாராசிட்டமால் போதும், மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம்.

கே: வாராந்திர மாத்திரையைக் காலைக் காபியோடு போடலாமா? (கும்பகோணம்)

ப: டிகிரி காபி ஊரிலிருந்து வேறென்ன கேள்வி வரும்! கூடாது. அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். காபி குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அரைமணி கழித்து இரண்டு டம்ளராகக் குடியுங்கள்.

கே: பாட்டி தினமும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறாள். கால்சியத்துக்கு அது போதாதா? (சுவாமிமலை)

ப: போதாது. புகையிலையும் சேர்ந்தால் எலும்புக்கு நஷ்டம்தான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மருந்துச் சீட்டில் இடம் கிடைக்கவில்லை. நம் ஊர்த் தட்டில் சோறு அதிகம். 100 கிராம் தீட்டிய அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராம் தேறினால் பெரிது. கேழ்வரகில் 300-க்கு மேல். மோரும் முருங்கைக்கீரையும் சேருங்கள். ஆனால் இதெல்லாம் மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

கே: விழுந்த கையோடு புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகலாமா? (பேராவூரணி)

ப: இடுப்பு மூட்டு சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது. வைத்தியர் கட்டு எங்கே போடுவார்? இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது. படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரிசையாக வரும். பக்கத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்க, புத்தூருக்காக ஆந்திர எல்லை தாண்டுவானேன்?

கே: எலும்புப்புரைக்கு ஆறு மாத ஊசி டெனோசுமாப் போடுகிறோம். அடுத்த தவணையைச் சம்பா அறுப்பு முடிந்து பார்த்துக்கொள்ளலாமா? (நீடாமங்கலம்)

ப: வேண்டாம். இந்த மருந்தை இடையில் விட்டால் சேர்ந்த கெட்டித்தன்மை வேகமாகக் கரையும். முதுகெலும்பு ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கலாம். நிறுத்துவதானால் டாக்டரைக் கேட்டு வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும்.

கே: அப்பாவும் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆனால் இது பெண்கள் நோய்தானே? (திருவையாறு)

ப: பெண்களுக்கு அதிகம் வரும். ஆனால் இடுப்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் ஆண்களுக்குத்தான் கூடுதல். அந்த 2007 சோதனையில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஆண்கள். அப்பாவுக்கும் ஒரு ட்ரிப்ஸ் கேளுங்கள்.