எந்தச் சாமி இல்லைங்கே?

ஏலே பேராண்டி, ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவன் மாதிரி வாசல்ல நின்னுக்கிட்டு, "தாத்தா, நீரு ஆத்திகரா நாத்திகரா?"ன்னு கேக்கியே! திண்ணையில உக்காரு, சொல்லுதேன்.

சாமி உண்டுன்னா இந்தப் பக்கம், இல்லைன்னா அந்தப் பக்கம். இதானே உன் கணக்கு? கழுகுமலை ஏறி அந்தக் கணக்கைப் போட்டுட்டு வா, கடலைமிட்டாய் வாங்கித் தாரேன். அங்கே பாறை முழுக்க வரிசை வரிசையா சமணத் தீர்த்தங்கரரைச் செதுக்கி வச்சிருக்காக. தலைக்கு மேல முக்குடை. கீழே, இன்னார் செய்விச்சதுன்னு வட்டெழுத்து. குரத்தியாருன்னு பெண் துறவிக பேருகூட அதுல உண்டு. அம்புட்டு பக்தி! ஆனா உலகத்தைப் படைச்சது யாருன்னு சமணரைக் கேட்டுப் பாரு. "ஒருத்தரும் படைக்கலை, அது என்னைக்கும் இருக்கு"ம்பாக. அவுகளை எந்தப் பக்கம் தள்ளுவே? முழிக்கியே!

வைதிகருக முழிக்கலை. நாத்திகர்னு தள்ளிட்டாக. சாமிக்காக இல்லலே, வேதத்தை ஒத்துக்கிடலைன்னு! அதே வேதத்தைத் தலையில வச்சுக் கொண்டாடுன மீமாம்சைக்காரரு, யாகம் பண்ணினா பலன் தானா வரும், குடுக்கதுக்கு நடுவுல ஒரு கடவுள் எதுக்குன்னாரு. அவரு ஆத்திகராம். நல்ல கூத்துல்லா?

நெத்தியைப் பார்த்துச் சொல்லிரலாம்னு நெனைக்கியோ? குன்றக்குடி மடத்துல குடுத்த திருநீறைப் பெரியாரே மறுக்காம ஏத்துக்கிட்டாரு. மரியாதை வேற, நம்பிக்கை வேறலே.

நம்பாதவன் எல்லாம் நாத்திகன்னா, தொட்டில்ல கிடக்க பால்குடியும் நாத்திகனா? அதுக்கு அம்மையைத் தவிர யாரைத் தெரியும்? மழை பொய்க்கும்போது உங்க ஆச்சி சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால நின்னு, "நீயெல்லாம் ஒரு சாமியா?"ன்னு வைவாளே, அதையும் நாத்திகம்னு எழுதிக்கிடாதே. ஆளு இருக்கப்போயில்லா வையுதா!

இப்ப நீ சொல்லு. எந்தச் சாமி இல்லைங்கே? உலகத்தைப் படைச்சவரா, பாவ புண்ணியம் எழுதுறவரா, கிடா கேக்குறவரா? ஒருத்தரை இல்லைன்னா மத்தவுகளும் கூடவே எந்திரிச்சுப் போயிருவாகளா?

யோசிச்சு நிதானமாச் சொல்லு. அடுத்த வாரம் கொடை. நாத்திகனுக்குத் தலைக்கட்டு வரி கிடையாதான்னு நாட்டாமைகிட்ட ஒரு எட்டு கேட்டுக்கோ. வரியும் கிடையாது, கிடாக்கறியும் கிடையாதும்பாரு.